தீட்டும் தேவதையும்

அச்சு முறிந்ததாம்! எவருடைய தேரின் அச்சு? முப்புரத்தை எரித்துச் சாம்பலாக்கப் புறப்பட்ட சிவனாரின் தேர் அச்சு! புறப்படுமுன் பிள்ளையாரை வணங்க மறந்துவிட்டாராம் தகப்பனார். பிள்ளைக்குக் கோபம் பொங்கிற்றாம். அச்சு படீரென்று இற்றதாம். அச்சு இற்ற இடம் அச்சிறுபாக்கம் ஆயிற்று. மக்கள் நாவிலே அச்சரப்பாக்கம் ஆயிற்று. செங்கற்பட்டு மாவட்டத்திலே, மதுராந்தகத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையிலே, திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் அவ்வூரின் தலபுராணம் இது.

மூவுலகையும் படைத்தவருக்கு உறுதியான அச்சு ஒன்று செய்துகொள்ளத் தெரியாதா என்று கேட்டு நேரத்தை வீணாக்கப் போவதில்லை. அதைக் கேட்டுக் கேட்டு நம் தொண்டையும் வறண்டது. மழுப்பி மழுப்பி அவர்கள் தொண்டையும் வறண்டது. ஒடிந்துபோன அச்சுக்காக ஊர்ப்பெயரும் கோயிலும் கோபுரமும் உண்டாக்கிய நாட்டிலே, ஒடியாமல் இரவும் பகலும் சுழல்கிற அச்சு ஒன்று உண்டு. அதற்கு என்ன கூலி? அதுவே இன்று நம் கேள்வி.

ஒரத்திக்குப் போங்கள், எலப்பாக்கத்துக்குப் போங்கள், தொழுப்பேட்டுக்கும் பெரும்பேர்கண்டிகைக்கும் போங்கள். எந்தக் குடிசையிலே நுழைந்து கேட்டாலும், "நர்ஸம்மா" என்ற சொல்லைக் கேட்பீர்கள். கருவுற்ற பெண்ணின் பெயரை ஏட்டில் ஏற்றுபவர் அவர். இரத்தச் சோகைக்கு மாத்திரை கொடுப்பவர் அவர். "அடுத்த செவ்வாய் கட்டாயம் வா, ஊசி போடணும்" என்று அதட்டி அழைப்பவரும் அவரே. 5,000 பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம், அதற்கு ஒரு கிராம சுகாதார செவிலியர் என்பது கணக்கு. அடுத்த நிலையத்தில் ஆள் இல்லையென்றால் "கூடுதல் பொறுப்பு" என்ற அழகான பெயரோடு அந்தச் சுமையும் அவர் தலையிலே ஏறும். வலி கண்ட பெண்ணை ஆரம்பச் சுகாதார நிலையத்தில் சேர்த்தால், அங்கே மூன்று செவிலியர்கள் முறை மாற்றி மாற்றி இருபத்துநான்கு மணி நேரமும் காத்திருக்கிறார்கள். நள்ளிரவு இரண்டு மணிக்குத் தலை வெளிப்படும் குழந்தையைக் கையில் ஏந்துபவர் பெரும்பாலும் செவிலியரே. டாக்டர் தொலைபேசியிலே இருப்பார்.

இந்தக் கைகள் செய்த வேலையின் பலன் என்ன? 2001-03 காலத்திலே தமிழகத்தில் ஒரு லட்சம் பேற்றுக்கு 134 தாய்மார் மாண்டனர். 2018-20 கணக்கிலே அது 54. அதே காலத்தில் இந்தியா முழுமைக்கும் 97. நூற்றுக்கு 99-க்கு மேற்பட்ட பேறுகள் இன்று இங்கே மருத்துவமனைகளிலே நடக்கின்றன. சஷ்டி விரதம் இருந்தா இது வந்தது? அரச மரம் சுற்றியா வந்தது? சீமந்தத்துக்கு மந்திரம் ஓதியவர் தட்சணை வாங்கிக்கொண்டு போனார். தாயைப் பிழைக்கவைத்தவர் நர்ஸம்மா. மேடை தோறும் இந்தப் புள்ளியைச் சொல்லிப் பெருமை கொள்ளாத ஆட்சி இல்லை. பெருமை கொள்ளட்டும், நமக்கும் பெருமைதான். ஆனால் சம்பளப் பட்டியலையும் அதே மேடையிலே படித்துக்காட்ட வேண்டாமா?

நாம் படிக்கிறோம், கேளுங்கள். 2015-இலே மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான செவிலியர்களை எடுத்தது. மூன்றாண்டுப் பட்டயம் பெற்றவர்கள், நான்காண்டுப் பட்டம் பெற்றவர்கள், போட்டித் தேர்விலே வென்றவர்கள். மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய்! நாள் ஒன்றுக்கு 257 ரூபாய். இரண்டாண்டு கழிந்தால் காலமுறை ஊதியம் என்ற நம்பிக்கையிலே சேர்ந்தோம் என்றார்கள் அவர்கள். இரண்டாண்டு கழிந்தது; காலமுறையும் வரவில்லை, நல்ல காலமும் வரவில்லை. 2017 நவம்பரிலே சென்னை தேனாம்பேட்டை மருத்துவ இயக்கக வளாகத்திலே ஆயிரக்கணக்கில் வந்து அமர்ந்தார்கள். நீதிமன்றம் போராட்டத்துக்குத் தடை விதித்தது. அதன் பிறகே 2018-இலே 14,000 ஆயிற்று. 2022-இலே 18,000 ஆயிற்று. அச்சரப்பாக்கத்து நூலகத்திலே அமர்ந்து இந்த வேலைக்கென்று படிக்கிற பெண்ணே, உன் எதிர்காலம் இந்த மூன்று எண்களுக்குள்ளே அடக்கம்!

கிராம சுகாதார செவிலியர் வேலை இதைவிட மேல். அது காலமுறை ஊதியம். 2023-இலே 2,250 இடங்களுக்கு அறிவிக்கை வந்தபோது 19,500 ரூபாயில் தொடங்கி 62,000 வரை என்றார்கள். நல்லது. ஆனால் 8,700-க்கு மேற்பட்ட துணை நிலையங்கள் உள்ள மாநிலத்திலே, 2,250 இடங்களுக்கு ஒரே நாளில் ஆள் தேடும் நிலை வந்தது எப்படி? ஆண்டுதோறும் நிரப்பியிருந்தால் வந்திருக்குமா? காலி இடம் என்பது கருவூலத்துக்கு இலாபம். நர்ஸம்மாவுக்கு இரட்டைச் சுமை. படித்துவிட்டு வீட்டிலே இருக்கும் பெண்ணுக்கு வயது வீண்.

"பணம் இல்லை ஐயா, அரசு என்ன செய்யும்?" என்று கேட்கும் நல்லவர்கள் சிலர் நம்மிடையேயும் உண்டு. பணம் இல்லாமையா காரணம்? நாம் ஒப்பமாட்டோம். காரணம் பழையது, மிகப் பழையது. அதன் பெயர் தீட்டு.

நம் பாட்டிகள் எங்கே பிள்ளை பெற்றார்கள்? நடுக்கூடத்திலா? கொல்லைப்புறத்து இருட்டறையிலே, மாட்டுக் கொட்டிலின் ஓரத்திலே! பேறு பார்க்க வந்தவள் யார்? முடிதிருத்தும் சமூகத்து மருத்துவச்சி. பல இடங்களிலே சேரிப்பெண். அவள் கை பட்டுத்தான் அக்கிரகாரத்துப் பிள்ளையும் பூமியிலே விழுந்தது. கொடியை அறுத்து, குருதியைக் கழுவி, தாயையும் சேயையும் காப்பாற்றிய அந்தக் கைக்குக் கிடைத்தது ஒரு மரக்கால் நெல், ஒரு பழம்புடவை. வாசல் வழியே வந்தாளா? கொல்லை வழியே வந்து கொல்லை வழியே போனாள். அவள் போன பிறகு புண்ணியாகவாசனம்! பிறப்பைக் கண்டவள் தீண்டத்தகாதவள். பிறந்ததற்கு நாள் குறித்தவன் பூதேவன். குருதியைத் தொடும் வேலை இழிவு, இழிந்தவர்க்கே அவ்வேலை, இழிந்தவர் வேலைக்குக் கூலி குறைவு. மனு சம்பளக் கமிஷன் வைத்தான் என்று நாம் சொன்னால் சிரிக்கிறீர்கள். அவன் வைத்த கமிஷனின் பரிந்துரை ஒன்றுதான் இதுவரை திருத்தப்படவேயில்லை.

காலம் மாறிற்று. தீட்டு என்று இப்போது சொல்ல முடியாது. சட்டம் இருக்கிறது, நாமும் இருக்கிறோம். ஆகவே வேறு சொல் கண்டுபிடித்தார்கள். "தேவதைகள்!" "வெள்ளுடை அணிந்த தெய்வங்கள்!" "சேவை செய்யப் பிறந்தவர்கள்!" எத்தனை மாலைகள், எத்தனை மெழுகுவத்திகள்! புராணத்திலே யாராவது சிரமப்பட்டால் வானத்திலிருந்து தேவர்கள் பூமாரி பொழிவார்கள்; ஒரு படி அரிசி தரமாட்டார்கள். அந்தப் புராணம் நம் கண்ணெதிரிலேயே நடந்தது. 2020 மே 3-ஆம் நாள், கொரோனா கொள்ளை நோய்க் காலத்திலே, விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் சென்னை மருத்துவமனைகள் மீதும் பூ தூவின. அந்த நோய்க்கென்றே ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட செவிலியர்களில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு 2022 டிசம்பர் 31-உடன் வேலை முடிந்தது என்று ஓர் ஆணை வந்தது. புத்தாண்டு அன்று தேவதைகள் தெருவிலே! வேறு தற்காலிக வேலை தருகிறோம் என்று பிறகு சொன்னார்கள். தற்காலிகத்திலிருந்து தற்காலிகத்துக்கு!

தேவதைக்குப் பசி இல்லை. ஆகவே சம்பளம் வேண்டாம். தேவதைக்கு வாடகை வீடு இல்லை; ஆகவே படி வேண்டாம். தேவதைக்குப் பிள்ளைப்பேறும் இல்லை போலும்! இதை நாம் கேலிக்காகச் சொல்லவில்லை. அரசுப் பணியிலுள்ள பெண்களுக்கு மகப்பேறு விடுப்பு ஓராண்டு என்று 2021-இலே உயர்த்தினார்கள், பாராட்டினோம். ஏழைத் தாய்மாருக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் பெயரால் தரும் உதவித் தொகையை 18,000 ரூபாயாக உயர்த்தினார்கள், அதையும் பாராட்டினோம். அந்த உதவிக்கு வேண்டிய விவரங்களைப் பதிந்து, அந்தத் தாயின் பேற்றையும் பார்த்து அனுப்புகிற ஒப்பந்தச் செவிலியர் தாமே கருவுற்றால்? ஊதியத்துடன் விடுப்புக் கேட்டு அவர்களுடைய சங்கம் உயர் நீதிமன்றப் படி ஏறவேண்டியிருந்தது. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் ஒப்பந்த நிபந்தனையைவிட மேலானது, ஒப்பந்தச் செவிலியருக்கும் அந்த நலன் உண்டு என்று 2025-இலே நீதிமன்றம் சொன்ன பிறகே வழி பிறந்தது. பிறர் பிள்ளைப்பேற்றைத் தொழிலாகக் கொண்டவளுக்குத் தன் பிள்ளைப்பேறு குற்றமாக எண்ணப்பட்டது. அதுவும் எந்த நாட்டிலே?

1929 பிப்ரவரியிலே முதல் சுயமரியாதை மாகாண மாநாடு எங்கே கூடிற்று தெரியுமா? இதே செங்கற்பட்டிலே! சௌந்தரபாண்டியனார் தலைமையிலே! சொத்தில் பெண்ணுக்குச் சம பாகம், எந்தத் தொழிலையும் மேற்கொள்ளப் பெண்ணுக்குச் சம உரிமை என்று தீர்மானம் நிறைவேற்றிய மண் அது. சொத்துரிமை 1989-இலே சட்டமாயிற்று. அரசு வேலையிலே நூற்றுக்கு முப்பது என்று ஒதுக்கீடும் வந்தது. தொழில் உரிமை வந்துவிட்டது என்று நம்மவர்களும் கையைத் தட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். வேலை கிடைக்கும் உரிமை பாதிதான். வேலைக்கு ஏற்ற கூலி மறுபாதி. இதிலே கோட்டையில் எந்தக் கொடி பறந்தது என்று பார்த்து நாம் கோபத்தைக் கூட்டவோ குறைக்கவோ போவதில்லை. 7,700 கொடுத்தவர்களும் நம் கேள்விக்கு உரியவர்களே. டிசம்பர் 31 ஆணை போட்டவர்களும் உரியவர்களே.

பக்கத்து நாட்டைப் பாருங்கள். 1926-இலே நீதிக்கட்சி ஆட்சியிலே சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் வந்தது. பயிற்சி பெற்றவர்களைப் பதிவு செய்யும் ஏற்பாடு பிறந்தது. அதே 1926-இலே இலங்கையின் களுத்துறையிலே முதல் சுகாதாரப் பகுதி தொடங்கிற்று. ஊருக்கு ஊர் மருத்துவ மாதுக்கள் நியமிக்கப்பட்டார்கள். அவர் யாருக்கும் எடுபிடி அல்லர். தம் பகுதித் தாய்மார் அனைவருக்கும் பொறுப்பானவர். முப்பதுகளிலே லட்சத்துக்கு 2,000-க்கு மேல் தாய்மார் மாண்ட அந்தத் தீவிலே, இன்று அந்த எண்ணிக்கை ஐம்பதுக்கும் கீழே. நாமோ மருத்துவச்சி என்ற தொழிலையே தனியாக வைத்திருக்கவில்லை. செவிலியர் படிப்பின் வாலாக அதைச் சேர்த்தோம். இரண்டாண்டு படித்துவிட்டுக் கிராமத்துக்குப் போகிறவருக்குத் "துணைச் செவிலியர்" என்று பெயர் வைத்தோம். யாருக்குத் துணை? நள்ளிரவிலே தனியாக நிற்கிறவருக்கு, தான் துணையா, தனக்குத் துணையா? பகுதி சுகாதார செவிலியர், சமுதாய சுகாதார செவிலியர், தாய் சேய் நல அலுவலர் என்று ஏணி ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் மேல் படிகள் மிகக் குறுகியவை. பலர் அடிப்படியிலேயே நின்று ஓய்வு பெறுகிறார்கள்.

மருத்துவச்சியின் தொழிலை மதிக்காததற்கு நாம் வேறொரு விலையும் கொடுக்கிறோம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்திலே நூறு பேற்றில் ஏறத்தாழ 45 அறுவைச் சிகிச்சை. தனியார் மருத்துவமனைகளிலே 64, அரசு மருத்துவமனைகளிலே 36. தேவையான அறுவை உயிர் காக்கும். அதை எதிர்ப்பவன் அறிவிலி. ஆனால் தமிழ்ப் பெண்களில் பாதிப் பேருக்கு இயற்கை திடீரென்று வழி அடைத்துவிட்டதா? இயல்பான பேற்றுக்குப் பொறுமையும், பக்கத்திலேயே இருக்கும் ஒரு தேர்ந்த கையும் வேண்டும். அந்தப் பொறுமைக்குச் சம்பளம் கொடுக்க மனம் இல்லாதவர்கள், கத்திக்குக் கட்டணம் வாங்கத் தயங்குவதில்லை. பேறு பார்ப்பதிலே தனித் தேர்ச்சி கொண்ட செவிலியர்களை உருவாக்க வேண்டும் என்று 2018-இலே மத்திய அரசு வழிகாட்டு நெறி வெளியிட்டது. ஒவ்வொரு மகப்பேற்று மனையிலும் அப்படிப்பட்டவர்களைத் தனிப் பதவியோடும் தனி ஊதியத்தோடும் அமர்த்தினால், படித்த பெண்களுக்கு வேலையும் பெருகும், வீண் கத்தியும் குறையும்.

தனியார் துறையைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. அங்கே சிலர் அசல் சான்றிதழ்களைப் பூட்டி வைத்துக்கொண்டு வேலை வாங்கும் கதையை உங்கள் அக்காளோ தங்கையோ சொல்லியிருப்பார். ஒன்றை மட்டும் மனத்தில் இருத்துங்கள். உச்ச நீதிமன்றம் 2016-இலே சொன்னபடி அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்கு உட்பட்ட சிறு மருத்துவமனைகூடச் செவிலியருக்கு 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தரவேண்டும், இருநூறுக்கு மேற்பட்ட படுக்கை உள்ளவை அரசுச் செவிலியருக்கு இணையாகத் தரவேண்டும் என்று பரிந்துரைத்தது. கேரளத்திலே செவிலியர்கள் 2017-இலே வீதிக்கு வந்தார்கள். 2018 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதியம் 20,000 என்று அரசாணை பெற்றார்கள். கேரளத்துச் செவிலியருக்கு மட்டும் இரண்டு வயிறா?

அச்சரப்பாக்கம், மதுராந்தகம், செங்கற்பட்டு வட்டாரத்துத் தோழர்களே! தனியார் மருத்துவமனைகளிலே எத்தனை படுக்கை, செவிலியருக்கு என்ன சம்பளம் என்று ஒரு நோட்டுப் புத்தகத்திலே எழுதத் தொடங்குங்கள்; பெயர் சொல்ல அஞ்சுகிறவர்களின் பெயரை எழுதாதீர்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியினராயினும், தொகுப்பூதியச் செவிலியர்களைக் காலமுறைக்கு எடுக்கும் ஆண்டு எது என்று கேளுங்கள். "விரைவில்" என்பது ஆண்டு அல்ல என்பதையும் சொல்லுங்கள். 2025 தீர்ப்பின் சாரத்தை ஒரு பக்கத் துண்டறிக்கையாகத் தமிழிலே அச்சடியுங்கள். படிப்பகத்துச் சுவரிலே ஒட்டினால் போதாது. அங்கே வந்து படிக்க நர்ஸம்மாவுக்கு நேரம் ஏது? காலையிலே இரவு முறை முடிந்து நெடுஞ்சாலை ஓரத்திலே பஸ்ஸுக்கு நிற்பார். அங்கே போய் அவர் கையிலே கொடுங்கள்.