கால்தடம் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும்

தாளவாடி, தேன்கனிக்கோட்டை, தொண்டாமுத்தூர் போன்ற காட்டையொட்டிய பகுதிகளில் நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயிகளுக்கு வன விலங்குகளால் ஏற்படும் சேதம் புதிதல்ல. விதைத்த நிலக்கடலை காலையில் கிளறப்பட்டுக் கிடந்தால் "பன்றிதான்" என்று உடனே முடிவு கட்டிவிடுகின்றனர். அது மயிலின் வேலையாகவும் இருக்கலாம். முள்ளம்பன்றியின் வேலையாகவும் இருக்கலாம். வயலைச் சுற்றிக் கட்டும் பழைய சேலை பன்றியை ஓரளவு தடுக்கும். பறந்து வரும் மயிலைத் தடுக்காது. வந்த விலங்கு எது என்று அறியாமல் செய்யும் செலவு வீண் செலவே.

வந்தது எது என்பதை மண்ணே சொல்லும். ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்து வருகின்றனர். முன்பு ஆடு மாடு மேய்த்த சிறுவர்கள் இதைத் தாமாகவே கற்றுக்கொண்டனர். இன்று அவர்கள் பள்ளிக்குச் செல்கின்றனர். அது வரவேற்கத்தக்கதே. எனினும், மேய்ச்சலோடு வந்த அந்த அறிவை இனிப் பெரியவர்கள்தாம் முயன்று கற்றுக்கொடுக்க வேண்டும்.

வீட்டு முற்றமே முதல் வகுப்பு

ஐந்து வயதுப் பிள்ளைக்குக் காட்டு விலங்கில் தொடங்க வேண்டியதில்லை. முற்றத்தில் மணலைப் பரப்பி, கோழி, நாய், பூனை, ஆடு ஆகியவற்றின் தடங்களைக் காட்டினால் போதும். நாயின் தடத்தில் நகங்கள் பதியும். பூனை நடக்கும்போது நகங்களை உள்ளே இழுத்துக்கொள்வதால் அவை பெரும்பாலும் பதிவதில்லை. சிறுத்தையும் பூனை இனமே. ஆகவே, பூனைத் தடம் தெரிந்த பிள்ளைக்கு, ஆட்டுப்பட்டியருகே பதிந்த பெரிய தடம் நாயுடையதா, சிறுத்தையுடையதா என்பது விளங்கிவிடும்.

கோழியின் தடத்தைப் பெரிதாக்கினால் மயிலின் தடம். ஆட்டின் இரட்டைக் குளம்பைப் பார்த்த பிள்ளைக்குப் புள்ளிமானின் கூரிய நுனியுள்ள தடம் எளிதில் பிடிபடும். காட்டுப்பன்றிக்கு, இரட்டைக் குளம்பின் பின்னால் இருபுறமும் சற்று விலகி இரண்டு சிறு குளம்புகள் பதிந்திருக்கும். முள்ளம்பன்றியின் பின்கால் தடம் சிறு குழந்தையின் பாதம் போலிருக்கும். அருகில் முள் உதிர்ந்து கிடப்பதும் உண்டு. கரடியின் பின்கால் தடம் மனிதப் பாதத்தை ஒத்தது. முன்கால் நகங்களோ விரல்களுக்கு வெகு முன்னால் குத்தியிருக்கும்.

யானையின் முன்கால் தடம் வட்டமாகவும் பின்கால் தடம் நீள்வட்டமாகவும் இருக்கும். முன்கால் தடத்தின் சுற்றளவைக் கயிற்றால் அளந்து இரண்டால் பெருக்கினால் அதன் தோள் உயரம் ஏறக்குறையக் கிடைக்கும். சுற்றளவு 4 அடி என்றால் உயரம் 8 அடி. இது பிள்ளைக்குக் கணக்குப் பாடமும் ஆகும்.

வயலோர மணல் பாத்தி

அடுத்து, வயல் ஓரத்தில் 3 அடி அகலம், 10 அடி நீளத்தில் கற்களைப் பொறுக்கிவிட்டு, மணலையோ பொடிமண்ணையோ ஓர் அங்குல உயரம் பரப்ப வேண்டும். மாலையில் லேசாக நீர் தெளித்துப் பலகையால் சமன் செய்ய வேண்டும். மறுநாள் காலை இளவெயில் சாய்வாக விழும்போது தடம் தெளிவாகத் தெரியும். அளவு தெரிய அருகில் ஒரு தீப்பெட்டியை வைத்து, பிள்ளை நோட்டில் வரைந்துகொள்ளலாம்.

ஒரே தடத்தைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது என்பதையும் சொல்லித்தர வேண்டும். 1972ல் நாடு முழுவதும் நடந்த புலிக் கணக்கெடுப்பு கால்தடங்களைக் கொண்டே நடந்தது. ஒவ்வொரு புலியையும் தடத்தால் தனித்தனியே பிரித்தறிவதில் பிழை நேர்ந்ததால், 2006 கணக்கெடுப்பு முதல் தானியங்கிக் கேமராக்கள் பயன்படுத்தப்படுகின்றன. வந்தது இன்ன இனம் என்பதைத் தடம் சொல்லும். நேற்று வந்த அதே விலங்குதானா என்பதை உறுதியாகச் சொல்லாது. எச்சம், உதிர்ந்த மயிர், பயிரைக் கடித்த விதம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆபத்து இல்லையா?

இதனால் பிள்ளைகள் காட்டுக்குள் போய்விடுவார்கள் என்று சிலர் அஞ்சுகின்றனர். அச்சம் நியாயமானதே. எனவே முதல் நாளே ஒரு விதியைப் பதிய வைக்க வேண்டும்: தடத்தைத் தொடர்ந்து போகக் கூடாது. யானை, கரடி, சிறுத்தை இவற்றின் புதுத் தடம் கண்டால் வந்த வழியே திரும்பிப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். பெரியவர் துணையின்றி வயலோரம் செல்லவே கூடாது. தடம் தெரிந்த பிள்ளை திரும்பிவிடும். தெரியாத பிள்ளைதான் மேலே நடக்கும்.

பயிர்ச் சேதத்திற்கு வனத்துறையிடம் இழப்பீடு கேட்கும்போதும் தடம் நல்ல சான்று. தீப்பெட்டியுடன் அலைபேசியில் படம் எடுத்து, அலுவலர் வரும்வரை கூடையைக் கவிழ்த்து மூடி வைக்கலாம்.

எதுவென்று தெரியாத ஆத்திரத்தில்தான் சிலர் வேலியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுகின்றனர், அவுட்டுக்காய் வைக்கின்றனர். இரண்டும் சட்டப்படி குற்றம். பன்றிக்கு வைத்த கம்பி, வைத்தவரின் பிள்ளையையே பலி வாங்கக்கூடும். ஆத்திரத்திற்கு முன் தடத்தைப் பார்க்கும் பழக்கம் அடுத்த தலைமுறைக்கு வர வேண்டும். அதற்குத் தேவை ஒரு கூடை மணலும், விடுமுறை நாளில் ஒரு மணி நேரமுமே. வருகிற ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.