கிளீனர் சீட்டு காலியான பிறகு: லாரி ஓட்டுநர் பயிற்சி குறித்து எங்கள் நிலைப்பாடு

அலங்காநல்லூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் லாரி, டிராக்டர், சிறு சரக்கு வண்டி ஓட்டுகிறவர்கள் சேர்ந்த சங்கம் எங்களுடையது. வேறு தொழிலை விட்டுவிட்டு முப்பது, நாற்பது வயதில் லாரிக்கு வர நினைப்பவர்கள் எங்களிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, ஹெவி லைசென்ஸ் எடுக்க எம்புட்டு ஆகும்?" இதுவரை நாங்களும் ஒரு தொகையைச் சொல்லி, தெரிந்த டிரைவிங் ஸ்கூலைக் கைகாட்டி அனுப்பிவந்தோம். அது தவறு என்று இப்போது நினைக்கிறோம். லைசென்ஸுக்கு ஒரு விலை இருக்கிறது, ஓட்டக் கற்றுக்கொள்வதற்கு வேறொரு விலை இருக்கிறது. முதல் விலையை மட்டும் கொடுத்துவிட்டு ரோட்டுக்கு வந்தவர்கள் இரண்டாவது விலையை எங்கே, எப்படிக் கொடுத்தார்கள் என்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். கட்டுப்படியாகும் பயிற்சி எது, அதை யார் தர வேண்டும் என்பதில் சங்கத்தின் நிலைப்பாட்டை இந்த அறிக்கையில் சொல்கிறோம்.

வருகிறவர்கள் யார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அலங்காநல்லூர் தேசிய கூட்டுறவு சர்க்கரை ஆலையில் 2019-க்குப் பிறகு அரவை நடக்கவில்லை. ஆலை நின்றபோது ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் வேலை போகவில்லை. கரும்பு வெட்டியவர், கட்டுத் தூக்கியவர், டிரெய்லரில் கரும்பேற்றிக்கொண்டு ஆலை வாசலில் இரவு முழுக்க வரிசையில் நின்ற டிராக்டர்காரர், அந்த வரிசையை நம்பி டீக்கடை வைத்தவர் என்று ஒரு வட்டாரமே வேறு பிழைப்புத் தேட வேண்டியதாயிற்று. அவர்களில் டிராக்டர் ஓட்டியவர்களுக்கு லாரி என்பது இயல்பான அடுத்த படி. லோடு இழுக்கும் வண்டியின் குணம் அவர்களுக்குத் தெரியும். ஆனால் வயது ஏறிவிட்டது, வீட்டில் பிள்ளைகள் படிக்கிறார்கள், ஒரு மாதம் வருமானம் நின்றால் வட்டிக்கு வாங்க வேண்டும். இருபது வயதுப் பையனுக்கு மலிவாகத் தெரியும் பயிற்சி இவருக்கு மலிவல்ல.

முன்பு இதற்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதன் பெயர் கிளீனர் சீட்டு. டயருக்குக் கட்டை போடுவதில் தொடங்கி, கம்பியால் தட்டி டயரில் காற்று இருக்கிறதா என்று காதாலேயே கண்டுபிடிப்பது, தார்ப்பாய் இழுத்துக் கயிறு கட்டுவது, ரிவர்ஸில் பின்னால் நின்று குரல் கொடுப்பது என்று இரண்டு மூன்று வருடம் போகும். அப்புறம் ஒருநாள் எம்ப்டி வண்டியில், ஆளில்லாத ரோட்டில், டிரைவர் இறங்கி அந்தப் பக்கம் உட்காருவார். எங்கள் மூத்த உறுப்பினர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தார்கள். அந்தக் காலத்தை நாங்கள் ஏங்கிப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதுச் சிறுவர்கள் அடியும் திட்டும் வாங்கிக்கொண்டு சாப்பாட்டுக்கு மட்டும் வேலை செய்த இடம் அது. லைசென்ஸ் இல்லாதவர் கையில் வண்டியைக் கொடுத்ததும் குற்றம்தான். ஆனாலும் அங்கே ஒருவர் லாரியோடு ஆயிரக்கணக்கான மணி நேரம் இருந்தார். இன்று செலவைக் குறைக்க முதலாளிகள் கிளீனரை நிறுத்திவிட்டார்கள். லைன் வண்டியிலேயே டிரைவர் தனியாகப் போகிறார். காலியான அந்தச் சீட்டுக்குப் பதிலாக வேறு எந்தப் பள்ளியும் வரவில்லை என்பதுதான் எங்கள் முதல் குற்றச்சாட்டு. மத்திய அமைச்சர் நிதின் கட்கரி நாட்டில் 22 லட்சம் ஓட்டுநர்கள் பற்றாக்குறை என்று சொல்லியிருக்கிறார். ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் உட்கார்ந்து கற்ற இடம்தான் இல்லாமல் போனது.

சட்டத்தில் குறை பெரிதாக இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 31-ஆவது விதி, போக்குவரத்து வாகனத்துக்கான பயிற்சி 30 நாளுக்குக் குறையக் கூடாது என்கிறது. அதில் வண்டியை உண்மையாக ஓட்டிய நேரம் 15 மணிக்குக் குறையக் கூடாது. யார் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்பதைப் பள்ளி ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும், அதற்குப் படிவம் 15 என்று பெயர். பயிற்சி முடிந்ததும் தரும் சான்றிதழ் படிவம் 5. அது இல்லாமல் ஹெவி டெஸ்டுக்குப் போக முடியாது. நடைமுறையில் என்ன நடக்கிறது? ஒரு வண்டியில் ஐந்தாறு பேரை ஏற்றிக்கொண்டு, ஆளுக்குப் பத்து நிமிடம், அதுவும் இரண்டாம் கியரில், லோடே இல்லாத பழைய வண்டியில். டெஸ்டுக்கு முந்தின நாள் வந்தால் போதும் என்று சொல்லும் இடங்களும் உண்டு. எல்லாப் பள்ளிகளும் அப்படியல்ல. நேர்மையாக நடத்துகிறவர்களை எங்களுக்குத் தெரியும், டீசல் விற்கும் விலையில் அவர்கள் படும் பாடும் தெரியும். ஆனால் பணம் கட்டுகிற ஆளுக்குப் படிவம் 15 என்று ஒன்று இருப்பதே தெரியாதவரை, நேர்மையான பள்ளி விலை கூடியதாகவும் மற்றது மலிவானதாகவும்தான் தெரியும்.

ஆகவே சங்கம் இனி யாருக்கும் மொத்தத் தொகையை வைத்துப் பள்ளியைப் பரிந்துரைக்காது. கட்டணத்தை, ஓட்டக் கிடைக்கும் மணி நேரத்தால் வகுத்துப் பார்க்கச் சொல்வோம். ஆறாயிரம் ரூபாய்க்கு மூன்று மணி நேரம் ஓட்டக் கொடுப்பவரை விட, பன்னிரண்டாயிரத்துக்குப் பதினைந்து மணி நேரம் கொடுப்பவரே மலிவு. மணிக்கு இரண்டாயிரம் எங்கே, எண்ணூறு எங்கே?

அரசுக்குக் கட்ட வேண்டியது பெரிய தொகையல்ல. கற்போர் உரிமத்துக்கு 150 ரூபாய், அதன் தேர்வுக்கு 50, ஓட்டுத் தேர்வுக்கு 300, ஏற்கெனவே உள்ள லைசென்ஸில் புதிய வகை சேர்க்க 500. ஆயிரத்துச் சொச்சத்தில் முடிந்துவிடும். அதற்கு மேல் யாராவது "ஆபீஸ் செலவு" என்று கேட்டால், எதற்கு என்று ரசீதோடு கேளுங்கள். உண்மையான செலவு கூலியில்தான் ஒளிந்திருக்கிறது. 2025-26-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி 336 ரூபாய். அதையே கணக்கில் எடுத்தாலும் முப்பது நாள் வேலைக்குப் போகாதவர் இழப்பது 10,080 ரூபாய். பல பள்ளிகளின் கட்டணத்துக்கு ஈடான தொகை இது. பகலில் மட்டும் நடக்கும் பயிற்சி இலவசமாகவே கிடைத்தாலும், குடும்பம் உள்ளவருக்கு அது இலவசம் ஆகாது. இதைப் புரிந்துகொள்ளாத எந்தத் திட்டமும் எங்கள் ஊர் ஆட்களுக்கு எட்டாது.

இன்னொரு காத்திருப்பும் இருக்கிறது. இலகுரக வாகன லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆன பிறகே கனரக வாகனத்துக்கு எல்.எல்.ஆர். (கற்போர் உரிமம்) போட முடியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. இந்த ஒரு வருடத்தை வீணான காலமாக நினைத்துக் குறுக்கு வழி தேடி ஏமாந்தவர்கள் உண்டு. எங்கள் கருத்து நேர்மாறானது. காலியான கிளீனர் சீட்டுக்கு ஓரளவாவது ஈடு செய்யக்கூடியது இந்த ஒரு வருடம்தான். 2024 நவம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக லைசென்ஸோடு ஓட்டலாம், தனி ஒப்புதல் தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. ஆபத்தான சரக்குக்கு இது செல்லாது, அதற்குத் தனிப் பயிற்சியும் ஒப்புதலும் வேண்டும். மற்றபடி குட்டியானையில் பரவை மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றலாம், மாட்டுத்தாவணிக்குப் பூ கொண்டு போகலாம். தை மாதம் எங்கள் ஜல்லிக்கட்டு வாடிவாசலுக்குக் காளைகள் வந்து இறங்குவதும் இப்படிப்பட்ட வண்டிகளில்தானே. உயிருள்ள லோடை உலுக்காமல் கொண்டுவரத் தெரிந்தவர் பிரேக்கை எப்படித் தொடுவது என்று கற்றுவிட்டார். சம்பாதித்துக்கொண்டே கற்கலாம், கடன் வேண்டாம். கையில் ஒன்றும் இல்லாதவர் கார் லைசென்ஸ் கட்டத்திலேயே ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தை விசாரிக்கட்டும். வங்கிகள் நடத்தும் அந்த நிலையங்களின் பாடப் பட்டியலில் இலகுரக வாகனப் பயிற்சியும் இருக்கிறது, கட்டணம் கிடையாது. வகுப்பு எப்போது தொடங்குகிறது என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கனரகக் கட்டத்தில் அரசின் பொறுப்பு தொடங்குகிறது. தமிழக அரசின் சாலைப் போக்குவரத்து நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் கனரக வாகனப் பயிற்சிப் பள்ளி நடத்துகிறது. நல்ல பெயர் உள்ள இடம். ஆனால் அது எங்களுக்கு ஏறத்தாழ ஐநூறு கிலோமீட்டர். நாமக்கல்லில் அசோக் லேலண்டின் ஓட்டுநர் பயிற்சி நிலையம் இருக்கிறது. லாரித் தொழிலும் பாடி கட்டும் பட்டறைகளும் நிறைந்த ஊர் என்பதால் அது அங்கே அமைந்தது இயல்பு. மதுரைக்கும் சக்கரத்தின் வரலாறு குறைவில்லை. டி.வி. சுந்தரம் ஐயங்கார் பேருந்துத் தொழிலைத் தொடங்கிய ஊர் இது. 1972-இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்ததும் இங்கேதான். இன்றைய அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மதுரைக் கோட்டத்தில் பணிமனைகள் இருக்கின்றன, பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், ஓடி ஓய்ந்த பேருந்துகள் இருக்கின்றன, மாலையில் காலியாகக் கிடக்கும் தளங்கள் இருக்கின்றன. அங்கே லாரி ஓட்ட வரும் வெளியாட்களுக்கு மாலை நேர, ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்த வேண்டும் என்று கோருகிறோம். பயிற்சிக் காலத்துக்கு நாளொன்றுக்கு நூறு நாள் வேலைக் கூலிக்குக் குறையாத உதவித்தொகை வேண்டும். தமிழக அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டத்தின் கவனம் கல்லூரி முடிக்கும் பிள்ளைகள் மேல் இருப்பதில் எங்களுக்கு மனவருத்தம் இல்லை. நாற்பது வயதில் தொழில் இழந்தவருக்கும் ஒரு கதவு வேண்டும் என்றுதான் கேட்கிறோம். பள்ளிப் படிப்பு இல்லை என்று சொல்லி அந்தக் கதவை மூடக் கூடாது. எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மத்திய அரசே 2019-இல் நீக்கிவிட்டது.

2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையங்கள் பற்றியும் சொல்ல வேண்டும். கனரக வாகனத்துக்கு ஆறு வாரம், 38 மணி நேரம். முடித்தவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டியதில்லை. இதை வரவேற்கிறோம். சமவெளியில் இரண்டு ஏக்கர் நிலம் வேண்டும் என்ற நிபந்தனையால் ஊரகப் பள்ளிகள் தனியாக இதைத் தொடங்க முடியாது என்பதும் உண்மை. வாடிப்பட்டி வட்டாரத்துப் பள்ளிகள் சேர்ந்து ஒரு மையம் அமைக்க முன்வந்தால், அரசு நிலத்தைக் குத்தகைக்குத் தர வேண்டும். அரவை நின்ற ஆலையைச் சுற்றிக் கிடக்கும் இடத்தில் ஒரு பகுதியைக் கேட்கலாம் என்ற யோசனையும் எங்களிடம் உண்டு. ஆலையைத் திறக்கக் கோரும் விவசாயிகளின் போராட்டத்துக்கு அது குறுக்கே நிற்குமானால் அந்த யோசனையைக் கைவிடுவோம். ஆலை ஓடுவதே எங்களுக்கும் முதல் விருப்பம்.

லாரி உரிமையாளர்களோடு எங்களுக்கு ஒரு வழக்கு இருக்கிறது. ஆள் இல்லை என்று புலம்புகிறவர்கள், ஆளை உருவாக்கும் செலவில் பங்கெடுக்க வேண்டும். பயிற்சிச் செலவை முதலாளி ஏற்று, பதிலுக்கு ஒரு வருடம் வேலை செய்யச் சொல்வது அமெரிக்காவில் பெரிய லாரி நிறுவனங்களின் பழக்கம். இடையில் விலகினால் மொத்தக் கடனும் தலையில் விழும் ஒப்பந்தங்களால் அங்கே பலர் சிக்கியிருக்கிறார்கள். அந்த நாட்டில் 2022 பிப்ரவரி 7 முதல், பதிவு பெற்ற பயிற்சியாளரிடம் கற்காமல் கனரக லைசென்ஸ் தேர்வுக்குப் போக முடியாது. ஆனால் குறைந்தது இத்தனை மணி நேரம் என்று அவர்களின் மத்திய விதி சொல்லவில்லை. நம் விதி சொல்கிறது. முதலாளி பயிற்சிக்குப் பணம் கொடுப்பதைச் சங்கம் ஏற்கிறது. ஆனால் கழிக்க வேண்டிய தொகை மாதாமாதம் குறைந்துகொண்டே வர வேண்டும், எழுத்தில் இருக்க வேண்டும், எந்த நிலையிலும் அசல் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. லைசென்ஸைப் பிடித்து வைப்பது ஆளைப் பிடித்து வைப்பதுதான். இதில் சங்கம் சமரசம் பேசாது.

புதிதாக லைசென்ஸ் எடுத்தவரைத் தனியாக இரவு ஓட்டத்துக்கு அனுப்பக் கூடாது என்பதும் எங்கள் நிலைப்பாடு. முதல் மூன்று மாதம் மூத்த ஓட்டுநர் ஒருவர் கூட இருக்கட்டும், அவருக்குத் தனி பேட்டா கொடுக்கட்டும். பத்துச் சக்கர லாரியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 28.5 டன். அதை முழு லோடோடு போடிமெட்டிலோ குமுளி மலைப்பாதையிலோ இறக்குவதற்கு, காலியிடத்தில் ஓட்டிய அனுபவம் உதவாது. எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும், எக்ஸாஸ்ட் பிரேக்கை எப்போது போட வேண்டும், ஏர் மீட்டர் எங்கே வந்தால் நிறுத்திவிட வேண்டும் என்பதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுக்க வேண்டியவை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.-6 வண்டிகளில் ஆட்புளூ தீர்ந்தால் எஞ்சின் இழுவை குறைந்துவிடும் என்பதைக்கூடத் தெரியாமல் நடுரோட்டில் நிற்கிறார்கள். ஆக்சில் எடை, ஈ-வே பில், எடைமேடைச் சீட்டு, விபத்து நடந்தால் காவல்துறைக்கு எப்படித் தகவல் சொல்வது என்பவையும் பாடத்தில் இருக்க வேண்டும். விபத்துக்குப் பின் தகவல் சொல்லாமல் ஓடினால் பத்து ஆண்டு என்ற பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தினார்கள். சட்டம் அந்த ஜூலையில் அமலுக்கு வந்தபோது அந்தப் பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. பயத்தில் ஓடுகிறவருக்கு, ஓடாமல் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுப்பதும் பயிற்சிதான்.

பெண்கள் வந்து கேட்டால், ஆண்களுக்குச் சொல்வதையே சொல்வோம். கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-இல் அரசுப் பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடித்தார். பயிற்சித் தளத்தில் பூட்டும் தண்ணீரும் உள்ள கழிப்பறை இல்லாதவரை, பெண்களை வரவேற்கிறோம் என்று எந்தப் பள்ளியும் பலகை வைக்கக் கூடாது.

இந்தத் தொழிலுக்கு வர வேண்டாம் என்றும் சிலரிடம் சொல்வோம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர், இரவில் எதிர்வெளிச்சத்தில் கண் கூசுகிறவர், முதுகு ஒருமுறை மடங்கியவர் படிவம் 1ஏ மருத்துவச் சான்றைச் சடங்காக வாங்கிவிட்டு வரக் கூடாது. பணம் கட்டுவதற்கு முன் உண்மையான சோதனை செய்துகொள்ளுங்கள். 2025 மார்ச்சில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் 3,274 ஓட்டுநருடன் கூடிய நடத்துநர் இடங்களை அறிவித்தபோது, அதைக் காட்டியே "லைசென்ஸ் மட்டும் எடுத்திடு, அரசு வேலை நிச்சயம்" என்று பணம் பறித்தவர்கள் இருந்தார்கள். அப்படிப் பேசுகிறவர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

இந்தக் கோரிக்கைகளை மனுவாக எழுதி, திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மதுரை மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கிறோம். படிவம் 15-இல் என்னென்ன எழுத வேண்டும் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிச் சங்கத்தில் வைத்திருக்கிறோம். பள்ளியில் பணம் கட்டுவதற்கு முன் வந்து ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு ஏறினீர்கள், எத்தனை மணிக்கு இறங்கினீர்கள் என்று உங்கள் கையாலேயே அதில் குறித்து வாருங்கள். பதினைந்து மணி நேரம் நிறையாமல் படிவம் 5-இல் கையெழுத்துப் போட்டுத் தந்தால், அந்தத் தாளோடு எங்களிடம் வாருங்கள். உங்களோடு சேர்ந்து நாங்களும் அந்தப் பள்ளிக்கு வருகிறோம்.