பூங்கா பெஞ்சில் யார் உட்காரலாம்?

"நகரத்துல ஏது தோழர் சாதி?" என்று கேட்பவர்களிடம் புள்ளிவிவரங்களைக் காட்டி வாதாடுவதை நான் விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் ஒன்றுதான் சொல்கிறேன். ஒரு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாலை ஐந்து மணிக்கு வெளியே வாருங்கள். குழந்தை எங்கே விளையாடுகிறது, யார் அதை ஊஞ்சலில் வைத்து ஆட்டுகிறார், ஆட்டுகிறவர் உட்கார்ந்திருக்கிறாரா நிற்கிறாரா, அந்த நேரத்தில் அவர் பெற்ற பிள்ளை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சென்னையில் சாதி எந்த இடத்தில் குடியிருக்கிறது என்பது ஒரே மாலையில் தெரிந்துவிடும்.

எங்கள் மகளுக்கு 14 மாதம். நானும் என் இணையரும் வேலைக்குப் போகிறவர்கள். பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஓர் அடுக்குமாடி வளாகத்தில் வாடகைக்கு இருக்கிறோம். பகலில் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள கண்ணகி நகரிலிருந்து ஓர் அக்கா வருகிறார். கோடை விடுமுறையில் அங்கன்வாடி மூடியிருந்த நாட்களில் தன் நான்கு வயதுப் பெண்ணையும் கூட அழைத்து வந்தார். இரண்டு பிள்ளைகளும் வளாகத்தின் மணல் குழியில் விளையாடின. மூன்றாம் நாள் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. வீட்டுப் பணியாளர்கள் விளையாட்டுத் திடலில் உள்ள பெஞ்சுகளில் உட்காரக் கூடாது. தங்கள் குழந்தைகளை வளாகத்துக்குள் அழைத்து வரக் கூடாது. சர்வீஸ் லிப்டை மட்டுமே பயன்படுத்த வேண்டும். அதே அறிவிப்பின் அடுத்த பத்தியில், கழுத்துப் பட்டை போட்ட செல்லப் பிராணிகள் காலை எட்டு மணி வரை திடலுக்கு வரலாம் என்று இருந்தது. நாய்க்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு நிமிடம்கூட இல்லை.

அறிவிப்பில் 'சாதி' என்ற சொல் கிடையாது. இருக்காது. ஹைஜீன், சேஃப்டி, டெக்கோரம் என்று மூன்று ஆங்கிலச் சொற்கள் இருந்தன. தீட்டு என்ற சொல்லை எழுதினால் வழக்கு வரும் என்பது படித்தவர்களுக்குத் தெரியும். பட்டியலினத்தவரைப் பொது இடத்துக்குள் வரவிடாமல் தடுப்பதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் வெளிப்படையாகக் குற்றமாக்கியிருக்கிறது. ஆகவே 'பணியாளர்' என்று எழுதுகிறார்கள். பணியாளர் யார், எந்தக் குடியிருப்பிலிருந்து வருகிறார் என்பது எழுதுகிறவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும்.

சங்கக் கூட்டத்தில் இதைக் கேட்டேன். "சார், இது சாதி இல்ல, வெறும் கிளாஸ் இஷ்யூ. எல்லாத்துலயும் சாதியக் கொண்டு வராதீங்க" என்றார் ஒருவர். கூட்டத்தில் இருந்தவர்களிலேயே கொஞ்சம் முற்போக்காகப் பேசக்கூடியவர் அவர். ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் படத்தை ஸ்டேட்டஸில் வைப்பவர். அவருடைய வாதத்தை எடுத்துக்கொண்டு யோசித்துப் பார்ப்போம்.

வெறும் வர்க்கம்தான் என்றால், சுத்தம்தான் பிரச்சினை என்றால், அந்த அக்காவின் கையை முதலில் விலக்கியிருக்க வேண்டும். அந்தக் கைதான் எங்கள் பிள்ளைகளுக்குச் சோறு பிசைந்து ஊட்டுகிறது, பால் புட்டியைக் கழுவுகிறது, கழிவைத் துடைக்கிறது. அந்தத் தோளில்தான் குழந்தை எச்சில் ஒழுகத் தூங்குகிறது. அப்போதெல்லாம் ஹைஜீன் எங்கே போனது? அந்த உடல் பெஞ்சில் உட்கார்ந்த நொடியில் மட்டும் சுத்தம் கெட்டுப்போகிறது. சேவை செய்யும்போது தொடலாம், சமமாக உட்காரும்போது கூடாது. இந்த விதியை நாம் எங்கே கேள்விப்பட்டிருக்கிறோம்? ஊரில் பேறுகாலம் பார்த்த மருத்துவச்சிகளைக் கேளுங்கள். மாட்டைக் கழுவவும் களத்து மேட்டைக் கூட்டவும் சேரியிலிருந்து ஆள் வேண்டும். தொப்புள்கொடி அறுக்க அந்தக் கை வேண்டும். வேலை முடிந்ததும் அந்தக் கைக்குத் திண்ணையில் இடமில்லை. கூலியை முறத்தில் போட்டு வாசலில் வைப்பார்கள். திண்ணை பெஞ்சாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஏழை, பணக்காரன் என்பதை மட்டும் வைத்து இந்த உட்காரும் விதியை விளக்கவே முடியாது.

பாதுகாப்பு என்கிறார்கள். அந்த அக்காவின் ஆதார் நகல், புகைப்படம், கைபேசி எண் எல்லாம் சங்க அலுவலகத்தில் இருக்கின்றன. வரும்போதும் போகும்போதும் வாசல் செயலியில் பதிவாகிறது. வெளியே போகும்போது பையைத் திறந்து காட்டுகிறார். குடியிருப்பவர்கள் அவருக்கு ஐந்து நட்சத்திரத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறார்கள். எங்களுக்கு மதிப்பெண் போட அவரிடம் செயலி இல்லை. இத்தனை கண்காணிப்புக்குள் வருகிற ஒருவரால் என்ன ஆபத்து? அவருடைய நான்கு வயது மகள் மணல் குழியில் யாரைக் கொள்ளையடிக்கப் போகிறாள்?

இந்தச் சாலையோரம் வந்து குடியேறிய இளம் பெற்றோர் பலருக்குக் கண்ணகி நகர் என்பது காவல்துறைச் செய்திகளில் வரும் ஒரு பெயர். அது எப்படி உருவானது? 2000ஆம் ஆண்டு முதல் நகரத்தின் நடுவில், கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஓரங்களில், பல தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே கொட்டினார்கள். 15,000க்கும் அதிகமான வீடுகள். தொடக்க காலத்தில் கட்டியவற்றில் 200 சதுர அடியைக்கூடத் தொடாத வீடுகள் உண்டு. பிறகு செம்மஞ்சேரி, பிறகு எட்டு மாடிக் கட்டடங்களாகப் பெரும்பாக்கம். 2015 வெள்ளத்தைக் காரணம் காட்டி இன்னொரு பெரும் அலை. பெயர்க்கப்பட்டவர்களில் பெரும்பான்மையினர் தலித்துகள் என்பதை யாரும் மறுப்பதில்லை, யாரும் அதைப் பேசுவதும் இல்லை. 1971இல் குடிசைப் பகுதிகளை மேம்படுத்தவும் மாற்றி அமைக்கவும் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. அந்தக் காலத்தில் மாற்று வீடுகளைப் பெரும்பாலும் அதே இடத்தில் அல்லது பக்கத்தில் கட்டினார்கள். இன்று வாரியத்தின் பெயர் 2021 முதல் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்'. பெயரில் வாழ்விடம் இருக்கிறது. வாழ்ந்த இடம் போய்விட்டது.

இதற்கும் என் மகளின் ஊஞ்சலுக்கும் என்ன தொடர்பு? நேரடித் தொடர்பு இருக்கிறது. நகரத்திலிருந்து அவர்களை இங்கே தள்ளியதும், அதே சாலையில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் எங்கள் மாடிகளும் எழுந்ததும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்தவை. பழைய வேலைகளை இழந்த பெண்களுக்கு இங்கே கிடைத்தது எங்கள் சமையலறையும் எங்கள் தொட்டிலும். அரசு ஊழியப் பெண்ணுக்கு 2021 முதல் ஓராண்டு மகப்பேறு விடுப்பு. நிறுவன வேலையில் இருக்கும் பெண்ணுக்கு 2017 முதல் 26 வாரம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம். என் இணையருக்கு அந்த 26 வாரம் கிடைத்தது. அது முடிந்த அடுத்த நாள் எங்கள் வீட்டுக்கு வந்த அக்காவுக்கு, அவர் பிள்ளை பெற்றபோது ஒரு நாள் ஊதிய விடுப்புகூடக் கிடைக்கவில்லை. எங்கள் வீடு அவருக்குப் பணியிடம், ஆனால் எங்கள் வீட்டில் அவர் குழந்தைக்குக் காப்பகம் கிடையாது. ஒரு மணல் குழி இருந்தது. அதையும் பறித்துக்கொண்டோம்.

நடைபாதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு இந்த ஊரில் நூறு அடி நடந்து பாருங்கள். மின்பெட்டி, இரு சக்கர வாகனம், திறந்து கிடக்கும் மழைநீர் வடிகால். இரண்டு வாரத்தில் அந்த வண்டி பரணுக்குப் போய்விடும். பிள்ளை பெற்றவர்களின் இந்தப் பயத்தைத்தான் கட்டுமான நிறுவனங்கள் விற்கின்றன. விளம்பரத்தில் பச்சைப் புல்வெளி, ஊஞ்சலில் ஒரு வெளுத்த குழந்தை, சிரிக்கும் தாத்தா பாட்டி. ஊஞ்சலை ஆட்டப்போகிற பெண் மட்டும் படத்தில் இருக்க மாட்டார். பொதுத் தெருவைச் சீரழிய விட்டுவிட்டு, சுவருக்குள் ஒரு தெருவை வாங்கிக்கொள்வதற்குப் பெயர் 'ஃபேமிலி லைஃப்'. வணிக வளாகத்துக்குப் போனால் குழந்தை விளையாடுவதற்கு மணிக்கணக்கில் கட்டணம். சீட்டு இல்லாமல் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மணலில் புரளும் இடம் என்று எனக்குத் தெரிந்து மெரினாதான் மிச்சம். அங்கேயும் 2023 ஏப்ரலில் லூப் சாலையில் மீனவப் பெண்களின் கடைகளைப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று பெயர்த்தார்கள். கடற்கரைக்கு நடக்க வருகிறவர் வேண்டும், கடலோடு வாழ்கிறவர் கூடாது.

இதே வளாகத்தின் விழா அரங்கில் குழந்தைகளின் பிறந்தநாளுக்குச் சைவம் மட்டும்தான் பரிமாறலாம் என்று ஒரு விதி இருக்கிறது. 2014ஆம் ஆண்டுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இறைச்சி, மீன் சாப்பிடுபவர்கள் 97 விழுக்காட்டுக்கும் மேல். மூன்று பேருக்காக 97 பேர் பிரியாணி அண்டாவை மறைத்து வைக்கிறார்கள். அந்த 97இல் ஆதிக்க இடைநிலைச் சாதிகளும் உண்டு. தங்கள் வீட்டில் ஞாயிறு தவறாமல் கறி எடுப்பவர்கள், பொது அரங்கில் சைவ விதிக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள், பெஞ்சு விதிக்கும் கையெழுத்துப் போடுகிறார்கள். மேலே குனிந்து கீழே மிதிப்பதற்கு அம்பேத்கர் வைத்த பெயர் படிநிலைச் சமத்துவமின்மை. அதை நம் பிள்ளைகள் ஊஞ்சல் ஆடிக்கொண்டே கற்றுக்கொள்கின்றன. ஐந்து வயதுப் பையன் ஒருவன் அக்காவைப் பார்த்து "ஆன்ட்டி, நீங்க இங்க உக்காரக் கூடாது" என்றான். அவனுக்கு மனுதர்மம் யாரும் படித்துக் காட்டவில்லை.

சரி, இந்தத் திடல் யாருடையது? இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் உள்ள மனையில் கட்டுகிற எவரும், சாலைகள் நீங்கலாகப் பத்து விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்கோ திட்டக் குழுமத்துக்கோ தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்கின்றன தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019. முந்தைய விதிகளிலும் இது இருந்தது. ஓ.எஸ்.ஆர் நிலம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். எழுதிக் கொடுத்த பிறகு அது பொது நிலம். குடியிருப்பவர்களின் சொத்து இல்லை, பராமரிப்புக் கட்டணம் கட்டுவதால் சொத்தாகியும் விடாது. ஆனால் சென்னையைச் சுற்றி எத்தனையோ வளாகங்களில் இந்த நிலத்தைச் சுவருக்குள் இழுத்து, புல் வளர்த்து, ஊஞ்சல் போட்டு, 'ரெசிடென்ட்ஸ் ஒன்லி' பலகை மாட்டியிருக்கிறார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு கடைகள், உணவகங்களோடு கிணறு, குளம், சாலை, பொதுமக்களுக்கென ஒதுக்கிய இடங்கள் எதிலும் சாதியைக் காட்டித் தடுக்கக் கூடாது என்கிறது. தானப் பத்திரம் எழுதிய திடல் இந்தப் பட்டியலுக்குள் வராமல் வேறெங்கே போகும்?

நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊரில் இந்த வாதம் நடந்திருக்கிறது. 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலை, கிணறு, குளம், பொது இடங்கள் எல்லோருக்கும் உரியவை என்றது. நிறைவேறியது, 1925இல் அரசிதழிலும் வந்தது. மகாடு நகராட்சியும் 1924இலேயே தன் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. காகிதத்தில் திறந்த குளத்தில் இறங்கித் தண்ணீர் குடிக்க 1927 மார்ச்சில் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான மக்களும் நடந்து போக வேண்டியிருந்தது.

இந்தச் சண்டையை அக்காவின் தலையில் கட்டக் கூடாது. "நீங்க பேசுங்க தம்பி, என் பேர மட்டும் இழுக்காதீங்க. இதே கேட்டுக்குள்ள எனக்கு இன்னும் ரெண்டு வீடு இருக்கு" என்றார் அவர். சங்கம் செயலியில் ஒரு பொத்தானை அழுத்தினால் அவருடைய மூன்று வீட்டு வருமானமும் ஒரே நாளில் போய்விடும். எனக்குப் போகப்போவது கொஞ்சம் நட்பும் கொஞ்சம் வாட்ஸ்அப் அமைதியும். ஆகவே மாட்டிக்கொள்ள வேண்டியவர்கள் என்னைப் போன்றவர்கள். குறிப்பாக, முற்போக்கு பேசிக்கொண்டே சுவருக்குள் வீடு எடுத்திருக்கும் இளம் பெற்றோர்.

செய்வதற்கு ஒன்றும் பெரிய வேலை இல்லை தோழர்களே. உங்கள் வளாகத்தின் திட்ட அனுமதி வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். ஓ.எஸ்.ஆர் என்று குறித்த இடம் எது, அதற்குத் தெருவிலிருந்து வழி எது என்று அதில் இருக்கும். புல எண்ணைப் போட்டு வில்லங்கச் சான்று எடுத்தால் தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்பது தெரியும். இல்லையென்றால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். எங்கள் வளாகத்தின் வரைபடத்தில் மணல் குழி இருக்கும் இடம் ஓ.எஸ்.ஆர் என்றுதான் இருக்கிறது. கிழக்குச் சுவரில் தெருவைப் பார்த்து ஓர் இரும்புக் கதவும் இருக்கிறது. அந்தப் பூட்டின் சாவி யாரிடம், எந்த உத்தரவின் பேரில் இருக்கிறது என்று கேட்டு மாநகராட்சிக்கு நாங்கள் ஆறு குடும்பத்தினர் மனு அனுப்பியிருக்கிறோம். கடிதத்தில் அக்காவின் பெயர் இல்லை.