பிரிப்பது பிழையன்று, பிய்ப்பதே பிழை



அண்மையில் ஒரு நாள், அஸருக்குப் பின் நடக்கும் மக்தப் வகுப்பில் ஒன்பது வயது மாணவன் ஒருவன் முகம் வாடி அமர்ந்திருந்தான். அவனுடைய சட்டைப் பையில் லெகோ மனித பொம்மை ஒன்று துண்டு துண்டாகக் கிடந்தது. அது அவனுடைய மாமி மகனின் பொம்மை. வேறொரு பொம்மையின் பச்சைக் கையை அதற்கு மாட்ட எண்ணி வேகமாக இழுத்திருக்கிறான். தோள்துளைக்குக் கீழே மார்புப் பகுதி விரிசல் விட்டுவிட்டது. "இனி வீட்டில் பொம்மையே கூடாது என்று வாப்பா சொல்லிவிட்டார், ஹஜ்ரத்" என்றான்.

அந்தத் தந்தையின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆயினும் அவரது தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லை.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுள், துணித்துண்டுகளால் ஆன இரண்டு இறக்கைகளையுடைய குதிரை ஒன்று இருந்ததை அபூதாவூத் தொகுப்பில் நாம் காண்கிறோம். குதிரைக்கு இறக்கையா என்று வினவிய நபி (ஸல்) அவர்கள், சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளை அன்னையார் நினைவூட்டியபோது மனம் மகிழ்ந்து சிரித்தார்கள். பொம்மையைத் தன் கற்பனைக்கேற்ப அமைத்துக்கொள்ளும் குழந்தையுள்ளம் அங்கே கண்டிக்கப்படவில்லை.

எனவே, பிள்ளையின் ஆர்வத்தைத் தடுப்பதைவிட அதற்கு முறையைக் கற்பிப்பதே நம் கடமை. டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 1978ஆம் ஆண்டு முதல் உருவாக்கிவரும், கையும் காலும் அசையும் இந்தச் சிறு பொம்மையில் முடி, தலை, உடல், கால்கள் ஆகியவை எளிதில் பிரிந்து சேரும். அவற்றை மாற்றி மாற்றிப் பொருத்தினாலே எத்தனையோ புதிய உருவங்கள் கிடைக்கும். உள்ளங்கைப் பகுதியைக் கழற்ற வேண்டுமானால், மெதுவாகத் திருகியபடியே நேராக இழுக்க வேண்டும். தோளோடு இணைந்த கையோ அடிக்கடி கழற்றுவதற்கு உரியதன்று. துளையைச் சுற்றியுள்ள சுவர் மெல்லியது. பல்லால் கடித்து இழுப்பதும், கத்தியால் நெம்புவதும் பொம்மையோடு பிள்ளையையும் காயப்படுத்தும். கழுவும் நீர் 40 பாகை வெப்பத்தைத் தாண்டக் கூடாது. நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் பட்டால் அந்தப் பிளாஸ்டிக்கே கரைந்துவிடும். வண்ணம் பூசினால் பழைய தோற்றம் திரும்பாது; துணியாலோ காகிதத்தாலோ மேலங்கி செய்து அணிவித்தால் வேண்டும்போது கழற்றிவிடலாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால், இத்துண்டுகள் அதன் கைக்கு எட்டவே கூடாது.

இவற்றுக்கெல்லாம் முன்பாகப் பிள்ளை தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டு. இது யாருடையது? பிரித்ததை மீண்டும் பழையபடி சேர்க்க என்னால் இயலுமா? முதற்கேள்வி அமானிதத்தைக் கற்பிக்கிறது. இரண்டாவது பொறுமையைக் கற்பிக்கிறது. அந்த மாணவன் தவறியது பொம்மையைப் பிரித்ததில் அன்று. கேளாமல் எடுத்ததிலும், வராததை வலிந்து இழுத்ததிலுமே.

இதை அவன் தந்தையிடம் எடுத்துரைத்தேன். சற்று நேரம் யோசித்தவர், தடையை விலக்கிக்கொண்டார். மகனோ தன் உண்டியல் பணத்தில் மாற்று உடற்பகுதி ஒன்றை வாங்கி, மாமி வீட்டுக்குச் சென்று நடந்ததை ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டான். பொம்மைகள் அனைத்தையும் பறித்திருந்தால், அடுத்த முறை உடைந்ததை மறைக்கத்தான் அவன் பழகியிருப்பான்.

பெற்றோர்களே, இன்று சிறு பொம்மையை நிதானத்தோடு கையாளப் பழகும் விரல்களிடம்தான் நாளை பிறருடைய பொருளும் பொறுப்பும் வந்து சேரவிருக்கின்றன. அடுத்த முறை பிள்ளை எதையேனும் பிரிக்க அமர்ந்தால் அதட்டாதீர்கள், அருகில் அமருங்கள்.

நம் பிள்ளைகளை அமானிதம் பேணுவோராக அல்லாஹ் ஆக்குவானாக. ஆமீன்.