தட்டுக்குள் ஒரு கலியாணம்

"தங்கச்சி, இந்தக் காலத்துப் பெட்டிக்கு வாயே இல்லையாமே!" என்று சொல்லிக்கொண்டே வந்தார் எதிர் வீட்டு அம்மாள்.

கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஒரு டிவிடி தட்டு. 2006-ல் இதே தண்டையார்பேட்டையில் நடந்த அவருடைய மகளின் கலியாணம் அது. காலேஜில் படிக்கும் பேத்தி தன் லாப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம். தட்டைச் செருக இடமே இல்லை. வீட்டிலிருந்த டிவிடி பிளேயரோ, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் உள்ளே புகுந்தபோதே கண்ணை மூடிவிட்டது. பீரோவின் அடித்தட்டில் இருந்த கலியாண ஆல்பமும் அதோடு போயிற்று. மிஞ்சியது இந்தத் தட்டு ஒன்றுதான்.

"படம் எப்படியோ போவட்டும், தங்கச்சி. அதிலே அவர் குரல் இருக்குது" என்றார். துறைமுகத்தில் வேலை பார்த்த அவர் கணவர் காலமாகி ஒன்பது வருஷமாகிறது.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பீரோவிலும் பட்டுப்புடவைக்கு அடியில் இப்படி ஒரு தட்டு இருக்கிறதல்லவா? "இருக்கிறதே, போதாதா?" என்று நினைத்துவிடாதீர்கள். தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' 1931-ல் வெளிவந்தது. பட்டணமே திரண்டு பார்த்த படம். இன்று அதன் ஒரு பிரதிகூட இல்லை. ஊர் பார்த்த படத்துக்கே அந்தக் கதி என்றால், நம் வீட்டுக் காதுகுத்தும் வளைகாப்பும் எம்மாத்திரம்!

ஆகவே அந்த அம்மாளும் பேத்தியும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். நீங்களும் செய்யலாம், கஷ்டமே இல்லை.

முதலில் தட்டைச் சுத்தம் செய்தோம். புடவைத் தலைப்பால் வட்டமாகத் துடைப்பதுதான் நம் வழக்கம். அது தவறு. மெல்லிய பருத்தித் துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வெள்ளத்தில் நனைந்த தட்டானால் சுத்தமான தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். இன்னொரு விஷயம்: சிடியில் படம் பதிந்திருப்பது எழுத்து அச்சிட்ட மேல்பக்கத்துக்குச் சற்று அடியிலேதான். கீழ்ப்பக்கத்துக் கீறலைவிட மேல்பக்கத்துக் கீறல்தான் அதற்கு எமன்! டிவிடியில் அது இரண்டு பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது.

அடுத்து, யு.எஸ்.பி. கம்பியில் மாட்டும் வெளி டிவிடி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கினோம். மாட்டியதும் படத்தை ஓட்டிப் பார்க்கத்தான் கை துறுதுறுக்கும். பொறுங்கள்! பழைய தட்டு எத்தனை தடவை சுழலும் என்று யார் கண்டார்கள்? முதலில் அதில் உள்ளதை அப்படியே கம்ப்யூட்டருக்குள் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். 'வீடியோ டிஎஸ்' என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். உள்ளே கலியாணம் துண்டு துண்டாக, ஒவ்வொன்றும் ஒரு ஜிபிக்குள் அடங்கி நிற்கும். சாம்பாருக்குக் காய் நறுக்கியது போலத்தான், பயப்படாதீர்கள். விசிடியாக இருந்தால் 'எம்பெக் ஏவி' என்ற ஃபோல்டரைத் தேடுங்கள்.

நகலைப் போட்டுப் பார்க்க விஎல்சி என்ற மென்பொருள் போதும். பாரிஸ் நகரத்து மாணவர்கள் தொடங்கிய வேலை அது. 2001 முதல் உலகத்துக்கே இலவசம். விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்தே டிவிடி ஓட்டும் வசதி கம்ப்யூட்டரோடு தானாக வருவதில்லை. ஆகையால் இது அவசியம்.

எந்தக் கம்ப்யூட்டரிலும், ஏன், கைப்பேசியிலும் ஓட வேண்டுமானால் படத்தை எம்பி4 ஆக மாற்ற வேண்டும். டிவிடியில் இருப்பது எம்பெக்-2 என்ற பழைய முறை. இன்று எல்லாக் கருவிகளும் அறிந்தது எச்.264. ஹேண்ட்பிரேக் என்ற இன்னோர் இலவச மென்பொருள் இதைச் செய்யும். துண்டுகளைத் தனித்தனியே கொடுக்காமல் முழு ஃபோல்டரையும் திறந்தால், கலியாணம் ஒரே படமாக வந்துவிடும். ஆட்கள் அசையும்போது சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் தெரிந்தால் 'டீ-இன்டர்லேஸ்' என்பதைப் போடுங்கள். தரத்தை 20 என்று வைத்தால் போதும். நம் ஊர் டிவிடியின் அளவு வழக்கமாக 720-க்கு 576 புள்ளிகள். அதைப் பெரிதாக்கினால் புதிதாக ஒன்றும் தெரியாது; கோப்புதான் பருக்கும்.

பிறகு பெயர்! 'மூவி 1' என்று வைத்தால் பத்து வருஷம் கழித்து யாருக்குப் புரியும்? வருஷம், விசேஷம், யாருடையது என்று மூன்றையும் எழுதுங்கள். உறவினருக்குத் தட்டாகவே கொடுக்க வேண்டுமானால் எம்பி4-ஐ டேட்டா டிஸ்க்காக எழுதி, 'ஃபைனலைஸ்' செய்து, வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஒரு நகல் பென் டிரைவில், ஒன்று தட்டில், இன்னொன்று வெளியூர்ப் பிள்ளை வீட்டில் இருக்கட்டும். நம் வீட்டுக்குள் வெள்ளம் வந்தாலும் அங்கே வராதல்லவா? பழைய தட்டையும் வீசிவிடாதீர்கள். வெயிலும் உப்புக்காற்றும் படாமல் நிமிர்த்தி வையுங்கள். அதன்மேல் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டவேண்டாம்.

கதையை விட்டுவிட்டேனே! படம் ஓடியது. ஆனால் தாலி கட்டும்போதும் பாட்டு, மாலை மாற்றும்போதும் பாட்டு! அக்கால வழக்கப்படி படம் எடுத்தவர்கள் பேச்சையெல்லாம் அமுக்கிவிட்டுச் சினிமாப் பாட்டை ஏற்றியிருந்தார்கள். அம்மாளின் முகம் வாடிப்போயிற்று. நானும் பேத்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பந்தி நடக்கும் இடம் வந்தது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் சில விநாடி இடைவெளி. அதற்குள் ஒரு குரல்:

"உங்கம்மா சாப்பிட்டாளா? மொதல்ல அவளுக்கு எலை போடு!"

அடுத்த பாட்டு வந்து குரலை மூடிவிட்டது. அம்மாள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னொரு தபா போடட்டுமா, ஆயா?" என்றாள் பேத்தி.

"வேணாம், கண்ணு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் அவர். "அதான் இனிமே எங்கேயும் போவாதே! நாளைக்குக் கேட்டுக்கறேன்."