எஞ்சினுக்கு மெக்கானிக் உண்டு, படுதாவுக்கு?

2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்திப் பழங்கால வண்டிகளுக்கென்று தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்த, வாடகைக்கு ஓடாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள் இதில் சேரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும். கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது ஆகியவற்றுக்கு மட்டுமே வண்டியைத் தெருவில் இறக்கலாம். மூல வடிவம் மாறியிருக்கக் கூடாது என்பது முக்கிய நிபந்தனை. எது மாறினால் மூலம் மாறியதாகக் கணக்கு என்பதற்கு விதி எடுத்துச் சொல்லும் இடங்கள் மூன்று: சேஸிஸ், பாடி, எஞ்சின். துணியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. விதி எழுதிய அதிகாரிகளை இதற்காகக் குறை சொல்வதில் பொருளில்லை. பழைய கார் வைத்திருப்பவர்களின் மனக்கணக்கும் அப்படித்தான் இருக்கிறது. எஞ்சினைப் பிரித்து மாட்டும் மெக்கானிக்கை ஊர் விட்டு ஊர் போய்த் தேடுவார்கள். பெயிண்ட் அடிப்பவருக்கு மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். படுதா தைப்பவர் வந்தால் மீட்டருக்கு எவ்வளவு என்று பேரம் பேசுவார்கள். திருவனந்தபுரம் மாதிரி மழை ஊரில் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கட்சி. கூரையில்லாத பழங்காரை இங்கே முதலில் காப்பாற்றுவது தையல்தான்.

திறந்த காரில் துணி இரண்டு வேலை செய்கிறது. தலைக்கு மேலே மடக்கி விரிக்கும் ஹூட் ஒன்று. மற்றது, ஹூட் மடங்கியிருக்கும்போது கண்ணாடியின் அடிவிளிம்பிலிருந்து பின் இருக்கையின் முதுகுவரை, ஆள் உட்காரும் குழியை அப்படியே மூடும் தட்டையான படுதா. கார்க் கிளப்காரர்கள் இதை டோனோ கவர் என்பார்கள். நடுவில் ஜிப் வைத்து, ஓட்டுநர் பக்கத்தை மட்டும் திறந்து மடித்துவிட்டு, மற்ற இருக்கைகளை மூடியபடியே வண்டியை ஓட்டிப்போகலாம். இதை ஏதோ அலங்காரச் சாமான் என்று நினைத்துவிடக் கூடாது. 1919வாக்கில் அமெரிக்காவில் தயாரான கார்களில் பத்துக்கு ஒன்பது திறந்தவை. 1920களின் தொடக்கத்தில் ஹட்சன் கம்பெனி தன் எஸெக்ஸ் காரின் மூடிய வகையை மலிவு விலைக்கு இறக்கியதும் சந்தை புரண்டது. பத்தே ஆண்டில் கணக்கு நேர்மாறாகிவிட்டது. ஆக, ஒரு கார் எவ்வளவு பழையதோ அவ்வளவுக்கு அதில் துணி அதிகம். திருவிதாங்கூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த, பட்டம் அரண்மனையில் இருந்த உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் 1950களைச் சேர்ந்த பென்ஸ் காருக்குத் தகரக் கூரை உண்டு. அதன் கவலைகள் வேறு. அதற்கும் ஒரு தலைமுறை முந்திய, டூரர் எனப்படும் திறந்த வண்டிகளுக்குக் கூரையும் கதவுத் தடுப்பும் எல்லாமே துணிதான்.

இந்த ஊரின் வானத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இடவப்பாதி ஒருமுறை, துலாமழை ஒருமுறை என்று ஆண்டுக்கு இரண்டு பருவமழை. சேர்த்தால் ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர். மழை ஓய்ந்த மாதங்களிலும் காற்றில் ஈரம் குறைவதில்லை. சங்குமுகம் கடற்கரைப் பக்கத்திலிருந்து உப்பும் வருகிறது. இதற்குப் பெரும்பாலானவர்கள் கண்டுபிடித்திருக்கும் மருந்து, சந்தையில் சுருட்டி விற்கும் நீல பிளாஸ்டிக் தார்ப்பாய். மழைக்கு அது நல்லதுதான். துளி உள்ளே இறங்காது. உள்ளே இருக்கும் ஈரமும் வெளியே போகாது என்பதுதான் சிக்கல். பகல் வெயிலில் கார்ப்பெட்டிலும் இருக்கைப் பஞ்சிலும் இருக்கும் ஈரம் ஆவியாகிறது. இரவில் தார்ப்பாயின் உட்புறத்தில் திவலையாகக் கோத்து மறுபடி இருக்கையிலேயே சொட்டுகிறது. ஒரு மழைக்காலம் இப்படியே கழிந்தால் தோலில் பூஞ்சை படரும், மீட்டர் கண்ணாடிகளுக்குள் மங்கல் விழும், தகட்டுக்கு அடியில் இருக்கும் மரச்சட்டம் இற்றுப்போகும். மரம் போன பிறகு பாடியின் மூலத்தன்மையைப் பற்றி விதி என்ன சொன்னால் என்ன? பருத்தி கேன்வாஸ் வேறு விதமாக நடந்துகொள்கிறது. நனைந்ததும் நூல் உப்பி இழைகளுக்கு நடுவே உள்ள துளைகளை அடைக்கும். காய்ந்ததும் துளைகள் திறந்து உள் ஈரத்தை வெளியே விடும். மெழுகு ஏற்றிய கேன்வாஸானால் இன்னும் நன்று. அதற்கும் குறை உண்டு, மறைக்க வேண்டியதில்லை: ஈரத்தோடு மடித்து வைத்தால் கேன்வாஸும் கருத்துப் பூத்துவிடும். விரித்துக் காயவைக்கும் பொறுமை இல்லாதவர் கேன்வாஸ் பக்கம் போகாமல் இருப்பது மேல்.

சரி, கேன்வாஸ் வாங்கி யாரிடமாவது கொடுத்தால் தைத்துவிடுவார்களா? இங்கேதான் கைத்திறன் வருகிறது. துணியை முதலில் நனைத்து உலர்த்திச் சுருங்கவிட வேண்டும்; அதற்குப் பிறகே கத்தரி. இல்லாவிட்டால் முதல் மழையில் படுதா இறுகிப் பிரஸ் பட்டன்களைப் பிய்த்துக்கொண்டு வரும். அடுத்து, கண்ணாடிச் சட்டத்தின் நடுவிலிருந்து பின் இருக்கை முதுகின் நடுவரை நூல் பிடித்து நடுக்கோடு போட வேண்டும். அதன் மேல் பிரவுன் பேப்பரையோ கட்டியான பாலிதீனையோ விரித்து விளிம்பு விளிம்பாகக் குறித்துக்கொண்டு வர வேண்டும். இடது பாதியை மட்டும் அளந்து, மடித்துப் போட்டு வலது பாதியை வெட்டிவிடலாம் என்று நினைத்தால் காரியம் கெட்டது. அந்தக் காலப் பாடி மரச்சட்டத்தின் மேல் கையால் தட்டி வளைத்த தகடு; இரண்டு பக்கமும் விரல்கடை அளவாவது வேறுபடும். வலப்பக்கம் ஸ்டியரிங் மேலே துருத்திக்கொண்டிருக்கும். அதற்குப் பை மாதிரி ஒரு புடைப்பு கொடுக்க வேண்டும். கொஞ்சம் குறைத்தால் துணி அங்கே தேய்ந்து கிழியும், கூட்டினால் மழைநீர் குளம் கட்டும். மூட்டுத் தையலின் மடிப்பு காரின் பின்பக்கம் பார்த்துப் படிய வேண்டும். முன்பக்கம் பார்த்தால் ஓட்டத்தில் காற்று புகுந்து தூக்கும். நைலான் நூல் வெயிலில் சீக்கிரம் நைந்துவிடும் என்பதால் பாலியஸ்டர் நூல். பட்டனுக்கு நிக்கல் முலாம் பூசிய பித்தளை. இரும்பு பட்டன் துருப்பிடித்துத் துணியில் செம்பழுப்பு வட்டம் வட்டமாகக் கறை வைக்கும். பாடியில் ஏற்கெனவே இருக்கும் திருகுத் துளைகளுக்குத்தான் துணி பொருந்த வேண்டும். துணிக்காகப் புதிதாக ஒரு துளை போட்டாலும் அது மூல பாடியில் விழுந்த காயம். பிறகு அதை மறைக்கத்தான் முடியும்.

இந்தத் திறன் வெளிநாட்டுச் சரக்கல்ல. திருவிதாங்கூர் அரசின் பஸ் சேவை 1938 பிப்ரவரி 20 அன்று தொடங்கியபோது சேஸிஸ் மட்டுமே இங்கிலாந்திலிருந்து வந்தது. லண்டனிலிருந்து வரவழைத்த சால்ட்டர் என்ற அதிகாரியின் மேற்பார்வையில் அதற்கு மேலான கூட்டை இந்த ஊர்த் தொழிலாளர்களே கட்டினார்கள். அந்தச் சேவையின் வாரிசான கே.எஸ்.ஆர்.டி.சி.யின் நகர பஸ்களுக்குக் கிழக்கேகோட்டைதான் இன்றும் நடுமையம். தெருவைக் கடந்தால் சாலைக் கம்போளம். திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் உருவாகி, மலையாளமும் தமிழும் கலந்து பேரம் பேசும் அந்தக் கடைத்தெருவில் கடை வைத்திருந்துகொண்டே அதைக் கதைகளாக்கினார் ஆ. மாதவன். சாலையில் கிடைக்காத சாமான் இல்லை என்பது ஊர்ப்பேச்சு. பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வரிசை கட்டும் ஆட்டோக்களின் ஹூட்டைப் பாருங்கள்: கம்பி வளைவின் மேல் ரெக்ஸினை இழுத்துப் பிடித்து, ஓரத்தில் பைப்பிங் வைத்து, மழைநீர் ஓட்டுநர் மடியில் சொட்டாமல் பின்னால் வழியவிடும் தையல். மலைநாட்டு ஜீப்புகளின் கேன்வாஸ் டாப்பும் இதே குடும்பம்தான். டூரர் காரின் படுதாவுக்கு வேண்டிய அறிவில் பெரும்பகுதி அந்தக் கைகளில் ஏற்கெனவே இருக்கிறது. மிச்சத்தைக் கற்றுக்கொள்ள வேலை வர வேண்டும். வேலைக்கு உரிய கூலியும் வர வேண்டும்.

பணக்காரர்களின் பொழுதுபோக்குக்குப் பத்திரிகையில் இத்தனை இடமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பழங்கார் பேரணியில் கொடியசைக்கும் மேடையைப் பார்க்கும் எவருக்கும் வருவதுதான். ஆனால் கார் ஒருவருடைய சொத்து. அதைத் தைக்கும் திறன் வேறொருவருடைய சோறு. முதலாவதற்கு நாம் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. இரண்டாவது, ஆயத்த ஹூட்டுகளும் மூடிய வண்டிகளும் வந்தபின் மெலிந்துகொண்டிருக்கிறது. அப்படியிருக்க, காசு உள்ளவர்கள் நல்ல விலை கொடுத்து நுணுக்கமான வேலையைக் கேட்டால், அந்தப் பொழுதுபோக்கிலிருந்து ஊருக்குக் கிடைக்கும் ஒரே உருப்படியான லாபம் அதுவாகக்கூட இருக்கலாம். ஷெட்டில் நிறுத்தினால் படுதாவே தேவையில்லையே என்பது இன்னொரு வாதம். ஷெட்டிலும் தூசு உண்டு, எலி உண்டு, ஈரக்காற்று உண்டு. அதைவிட, பழைய வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவர சட்டம் அனுமதிக்கும் பேரணியும் கண்காட்சியும் பெரும்பாலும் வெட்டவெளியில்தான் நடக்கின்றன. பத்து நிமிடத்தில் கருத்துக் கொட்டும் மழை அங்கே கேட்டுக்கொண்டா வரும்?

அசல் விரும்பிகளின் ஆட்சேபம் இதைவிடக் கனமானது. நூறு வயதுக் காருக்கு இன்றைய அக்ரிலிக் துணியும் பாலியஸ்டர் நூலும் போட்டால் அது பாரம்பரியமாகுமா என்கிறார்கள். பழங்கால வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம் இதற்கு ஓரளவு வழி காட்டுகிறது: மூலப் பொருளுக்கு மதிப்பு கொடு, மாற்ற வேண்டி வந்தால் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்படி மாற்று, செய்ததை எழுதி வை. படுதா இந்த மூன்றுக்கும் இடம்கொடுக்கும் பகுதி. பட்டனைக் கழற்றினால் தனியே வந்துவிடும். எனவே பழைய துணி மிச்சமிருந்தால் அதை உலர்த்தி, மடிக்காமல் சுருட்டிப் பத்திரப்படுத்திவிட்டு, அன்றாட உபயோகத்துக்குக் காற்று போகும் புதுத் துணியில் தைத்துக்கொள்வதில் எந்தக் குற்றமும் இல்லை. அசலா நகலா என்ற சண்டையைவிட, மூச்சு விடும் துணியா விடாத துணியா என்பதே இந்த ஊரில் முதல் கேள்வி. அசலாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கறுப்பு ரெக்ஸினை இழுத்து மூடிவிட்டுப் பெருமைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைவிட, வண்ணம் பொருந்தாத அக்ரிலிக் போட்டவர் காருக்கு நல்லது செய்தவர்.

கணினியில் ஸ்கேன் எடுத்து எந்திரத்தில் வெட்டிவிடலாமே என்பதும் காதில் விழுகிறது. எடுக்கட்டும். உருவத்தை ஸ்கேன் தரும். துணி எந்தப் பக்கம் எவ்வளவு இழுபடும், நனைந்தால் எவ்வளவு இறுகும் என்பதைத் தைப்பவரின் விரல்தான் சொல்லும். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் உள்ள மக்பெர்சன் கல்லூரி பழங்காரைச் சீரமைப்பதை நான்காண்டுப் பட்டப்படிப்பாகவே நடத்துகிறது. எஞ்சின், தகடு, வண்ணம் ஆகியவற்றோடு இருக்கைத் தையலும் அங்கே பாடம். எல்லா வசதியும் உள்ள நாட்டிலேயே தையலைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிடவில்லை என்பதைக் கவனிக்கலாம்.

நமக்கு நான்காண்டுப் படிப்பெல்லாம் வேண்டாம். கிழக்கேகோட்டையிலிருந்து ஆட்டோ பிடித்துப் போகும் தூரத்தில் சாக்கையில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. ஹூட் தைத்தே வயதான ஒருவரை அங்கே கௌரவ ஆசிரியராக உட்காரவைத்து, மூன்று மாதக் குறும்பயிற்சி ஒன்றைத் தொடங்கினால் போதும். ஆட்டோ, ஜீப், படகு, பழங்கார் எல்லாவற்றுக்கும் அந்தத் தையல் உதவும். செலவில் ஒரு பங்கைக் கார்க் கிளப்புகள் ஏற்கலாம். பேரணிக்கு ஆகும் பந்தல் செலவைவிட அது பெரிதாக இருக்காது. கோவையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் ஜீடி கார் மியூசியம் போன்ற இடங்கள், வெட்டிய பேப்பர் உருவரைகளைச் சேர்த்து வைக்க முன்வரலாம். அடுத்தமுறை அதே மாடல் கார் எங்காவது கிடைத்தால் அளவு வேலை பாதியாகும். ஒவ்வொரு உருவரையிலும் காரின் பெயர், தயாரான ஆண்டு, சேஸிஸ் எண், துணியின் வகை, தைத்தவர் பெயர் என்று ஐந்து விவரம் எழுதினால் போதும். பேரணியில் காரின் முன்னால் வைக்கும் அட்டையிலும் உரிமையாளர் பெயருக்குக் கீழே அந்த ஐந்தாவது விவரத்தைச் சேர்க்கலாம். அதற்கு விதித் திருத்தமோ அரசாணையோ தேவையில்லை.