வாய்தாவுக்குத் தனியாகப் போகாதீர்கள்

நடுராத்திரியில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு தனியாக மடை திருப்பப் போகிறவர் நம்ம விவசாயி. அதே மனிதருக்கு ஒரு சம்மன் வந்துவிட்டால் சோறு இறங்காது. இது கோழைத்தனம் இல்லை. மழை, பூச்சி, விலைச்சரிவு எல்லாம் நமக்குப் பழகிய எதிரிகள். கோர்ட்டில் பேசுவது பாதி நமக்குப் புரியாது. நம்மைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது மட்டும் புரியும்.

அந்தப் பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2019-இல் குஜராத்தில் பார்த்தோம். சபர்கந்தா மாவட்டத்தில் உருளைக்கிழங்கு போட்ட நான்கு சிறு விவசாயிகள் மேல் பெப்சிகோ கம்பெனி அகமதாபாத் கோர்ட்டில் வழக்குப் போட்டது. லேஸ் சிப்ஸுக்காகத் தான் பதிவு செய்து வைத்திருந்த எஃப்.எல். 2027 ரகத்தை அனுமதியில்லாமல் பயிரிட்டார்களாம். கேட்ட நஷ்டஈடு ஆளுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல். அவர்கள் தரப்பைக் கேட்கும் முன்பே இடைக்காலத் தடையும் வந்துவிட்டது.

ஏப்ரல் 26 வாய்தாவில் கம்பெனி சமரசம் பேசியது: எங்களிடமே விதை வாங்கி எங்களுக்கே விற்கிற ஒப்பந்தத்துக்கு வாருங்கள், இல்லையென்றால் இனி இந்த ரகத்தைப் போடமாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள். தலைக்கு மேல் ஒரு கோடி தொங்கும்போது தனி ஆள் என்ன செய்வார்? எங்கே கையெழுத்துப் போடணும் என்றுதான் கேட்பார்.

ஆனால் அவர்கள் தனியாக இல்லை. விவசாயிகளிடம் கலந்து பேசிச் சொல்கிறோம் என்று அவர்களுடைய வக்கீல் அவகாசம் கேட்டார். பல மாநில விவசாய அமைப்புகள் குரல் கொடுத்தன. மே மாதமே கம்பெனி வழக்கை வாபஸ் வாங்கியது.

பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் 2001-லேயே வந்துவிட்டது. பதிவு செய்த ரகமாக இருந்தாலும் விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம் என்கிறது அதன் 39-ஆம் பிரிவு. பிராண்டு பெயர் போட்டு விதையாக விற்கத்தான் கூடாது. இவ்வளவு நல்ல சட்டம் இருந்தும் அது தானாக நடந்து கோர்ட்டுக்கு வரவில்லை. நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

நண்பர்கள் வந்தால் வழக்கு ஜெயித்துவிடுமா என்று கேட்கலாம். அப்படி இல்லை. நீதிபதி பார்ப்பது ஆவணத்தைத்தான். அந்த ரகத்தின் பதிவு 2021 டிசம்பரில் ரத்தானது. 2024 ஜனவரியில் டெல்லி உயர்நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கிவிட்டது. கூட்டமாகப் போய்க் கோஷம் போட்டால் வழக்குக்குக் கெடுதல்தான். நண்பர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: பயத்தில் கையெழுத்துப் போடாமல் காப்பது.

வரப்புத் தகராறு வழக்கில் மாட்டிய நண்பர் ஒருவருடன் நானும் சில வாய்தாக்களுக்குப் போயிருக்கிறேன். காலையிலிருந்து காத்திருந்தால் டவாலி பேர் கூப்பிட்ட இரண்டே நிமிடத்தில் அடுத்த தேதி கொடுத்துவிடுவார்கள். அந்தக் காத்திருப்புதான் ஆளைத் தின்னும். பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து டீ வாங்கிக் கொடுத்து, வக்கீல் சொன்னதைத் திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டாலே பாதி பாரம் குறையும்.

விதைத் திருவிழாவுக்கு வேலை பிரித்துக்கொள்கிற நம் குழுக்கள் இதற்கும் பிரித்துக்கொள்ளட்டும். வழக்கு வந்தவர் வீட்டுக்கு அன்றைக்கே ஒருத்தர் போகட்டும். சம்மன், பட்டா, ரசீதுகளை ஒருத்தர் நகல் எடுத்து வைக்கட்டும். வாய்தா அன்று இரண்டு பேர் கூடப் போகட்டும். ஒருத்தர் ஊரில் இருந்து மாட்டைக் கறந்து தண்ணீர் பாய்ச்சட்டும். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு மனுக் கொடுக்கலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமலேயே இலவச வக்கீல் தருவார்கள். 15100-க்குப் போன் செய்தும் விவரம் கேட்கலாம்.

அடுத்த மாதக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். சம்மன் வந்த பிறகு ஆள் தேடினால் நேரம் போதாது.